மறுகால் பாயும் பிழைகள்: கோப்போடு வேலை செய்யப் புதிதாக வருபவர்களுக்கு

சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு. ஜூன் பிறந்ததும் கார் நெல்லுக்குத் தண்ணீர் திறப்பார்களா, ஐப்பசியில் பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவலாமா என்று அவர் தினமும் காலையில் நாளிதழில் தேடுவது அணை மட்டத்தைத்தான். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று மூன்று நிறைமட்டங்களும் அவருக்கு மனப்பாடம். அன்றாட மட்டத்தை ஒரு கோப்பில் சேர்த்துவைத்து, போன வருடம் இதே தேதியில் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் சொல்கிற மாதிரி ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பைத்தானில், ஐம்பது வரிதான்.

அந்த ஐம்பது வரி ஒரு மழைக்காலக் காலையில் மூன்று மாதக் குறிப்பை விழுங்கிவிட்டது. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. கோப்பைத் திறந்தால் உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. "என்னல, கம்ப்யூட்டர்ல போட்டா அழியவே அழியாதுன்னியே?" என்றார் சித்தப்பா. பழைய பேப்பர்க் கட்டைப் பிரித்துவைத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். தப்பு என்னுடையதுதான். அது என்ன தப்பு என்பதைப் பிறகு சொல்கிறேன்; அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

கிளாஸ், ஆப்ஜெக்ட், ஃபங்ஷன் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். நிரலைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கிளாஸ், ட்ரை, எக்செப்ட், ஓப்பன் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்களை நீங்கள் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். நாம் வைக்கும் பெயர்கள் மட்டும் தமிழிலேயே இருக்கலாம். பைத்தான் 3 அவற்றை மறுப்பில்லாமல் ஏற்கும்.

மறுகால்

ஒரு குளம் நிரம்பி அதற்கு மேல் தாங்காது என்றால் மறுகால் பாய்கிறது என்போம். அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். அங்கும் இடமில்லை என்றால் அதற்கடுத்த குளம். பிழை வந்துவிட்டது என்று பைத்தான் எழுப்பும் எக்செப்ஷனும் இப்படித்தான் போகும். ஒரு ஃபங்ஷனால் தன் வேலையை முடிக்க முடியவில்லை என்றால் அது ஒரு எக்செப்ஷனை எழுப்பிவிட்டு அங்கேயே நின்றுவிடும். அந்த எக்செப்ஷன், கூப்பிட்ட ஃபங்ஷனுக்குப் போகும். அதுவும் பிடிக்கவில்லை என்றால் அதைக் கூப்பிட்டதற்குப் போகும். பிடிப்பது என்றால், பிழை வரக்கூடிய வரிகளை ட்ரைக்குள் போட்டு, வந்தால் என்ன செய்வது என்று அதன் கீழே எக்செப்டில் எழுதுவது. மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளையும் தாண்டிய தாமிரபரணி வெள்ளம் புன்னைக்காயலில் கடலில் கலப்பதுபோல, யாருமே பிடிக்காத எக்செப்ஷன் கடைசியில் பைத்தானிடமே போய்ச் சேரும். பைத்தான் டிரேஸ்பேக் என்று ஒரு நீளமான சேதியைத் திரையில் கொட்டிவிட்டுப் புரோகிராமை நிறுத்திவிடும்.

அந்த நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும். அதற்கு மேலே உள்ளவை, தண்ணீர் எந்தெந்தக் குளம் வழியாக வந்தது என்ற கணக்கு.

எக்செப்ஷனும் ஒரு ஆப்ஜெக்ட்தான். அதற்கென்று கிளாஸ் உண்டு, அந்தக் கிளாஸுக்குக் குடும்பம் உண்டு. கோப்பு, வட்டு, அனுமதி தொடர்பான பிழைகளுக்குத் தாய் ஓஎஸ்எரர். ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர், பெர்மிஷன்எரர், ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்எரர், இஸ்ஏடைரக்டரிஎரர் எல்லாம் அதன் பிள்ளைகள். தாயைப் பிடித்தால் பிள்ளைகளும் சேர்ந்து அகப்படும். பழைய பாடப்புத்தகங்களில் ஐஓஎரர் என்று பார்த்திருப்பீர்கள். 2012இல் வந்த பைத்தான் 3.3 முதல் அது ஓஎஸ்எரரின் இன்னொரு பெயர், அவ்வளவுதான். பழைய நிரலில் இருந்தால் இருக்கட்டும். புதிதாக எழுதும்போது வேண்டாம்.

கோப்பு கைவிடும் விதங்கள்

கோப்பு காணவில்லை என்பதுதான் புதியவர்கள் முதலில் சந்திப்பது. "ஃபோல்டர்லதான அண்ணாச்சி இருக்கு, பாருங்க" என்று திரையைக் காட்டுவார்கள். இருக்கும்தான். ஆனால் வெறும் பெயரை மட்டும் கொடுத்தால் பைத்தான் தேடுவது உங்கள் நிரல் இருக்கும் ஃபோல்டரில் அல்ல, நீங்கள் எந்த ஃபோல்டரில் நின்று அதை ஓட்டினீர்களோ அங்கே. இன்னொன்று, விண்டோஸ் கோப்பின் வால்பெயரை மறைத்துவைக்கும். நோட்பேடில் சேமித்த மட்டம்.சிஎஸ்வி உண்மையில் மட்டம்.சிஎஸ்வி.டிஎக்ஸ்டி ஆக உட்கார்ந்திருக்கும்.

அனுமதி இல்லை என்று வந்தால், விண்டோஸில் முதலில் எக்செல்லைப் பாருங்கள். அதே கோப்பை எக்செல்லில் திறந்துவைத்துவிட்டு நம் புரோகிராம் எழுதப் போனால் பெர்மிஷன்எரர் வரும். கோப்பு என்று நினைத்து ஒரு ஃபோல்டரைத் திறந்தாலும் விண்டோஸில் இதே பிழைதான். லினக்ஸில் இஸ்ஏடைரக்டரிஎரர் வரும். ஒரே தப்புக்கு இரண்டு இயங்குதளம் இரண்டு பெயர் சொல்லும் என்பதால்தான், இரண்டையும் அடக்கும் தாயைப் பிடிப்பது பல நேரம் நல்லது.

அடுத்தது நமக்கென்றே வாய்த்த பிழை. தமிழில் எழுதிய கோப்பை விண்டோஸில், என்கோடிங் (எழுத்தைப் பைட்டாக மாற்றும் முறை) எதுவும் சொல்லாமல் திறந்து பாருங்கள். பெரும்பாலும் யூனிகோட்டிகோட்எரர் வரும். 0x8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்று சொல்லும். அந்த 8டி எங்கிருந்து வந்தது? யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளிக்கு ஈ0, ஏஎஃப், 8டி என்று மூன்று. பல விண்டோஸ் கணினிகளில் பைத்தான் தானாக எடுத்துக்கொள்ளும் 1252 என்ற பழைய எழுத்துப் பட்டியலில் 8டிக்கு எழுத்தே கிடையாது. ஆக, 'பாபநாசம்' என்று எழுதினால் ம் மேல் இருக்கும் புள்ளியில் இடறிவிழுகிறது! பட்டியலில் இல்லாத பைட் எதுவும் வராத சொற்கள் என்றால் இன்னும் மோசம்: பிழை வராமல் குப்பையாக எழுத்துகள் வரும். என்கோடிங் யூடிஎஃப்-8 என்று ஒவ்வொரு ஓப்பனிலும் எழுதுவதே நல்ல வழி. எக்செல்லில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' வகையில் சேமித்த கோப்பு என்றால் யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். அப்படிச் சேமிக்கும்போது எக்செல் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைக்கும். அதை இது கழித்துவிடும், இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. யூனிகோட்டிகோட்எரர், ஓஎஸ்எரர் குடும்பத்தில் இல்லை. அது வேல்யூஎரரின் வழி. ஓஎஸ்எரரை மட்டும் பிடித்துவிட்டுக் கோப்புப் பிழையெல்லாம் அடங்கியது என்று நினைத்தால், இது மறுகால் பாய்ந்து போய்விடும்.

இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாமே?

எல்லோரும் கேட்பது. கோப்பு இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, இருந்தால் திறக்கலாம், எதற்கு இந்த ட்ரை? சோதித்த நொடிக்கும் திறக்கும் நொடிக்கும் நடுவில் யாராவது பென்டிரைவைப் பிடுங்கிவிடலாம், இன்னொரு புரோகிராம் கோப்பை அழித்துவிடலாம். கோப்பு இருந்தும் அனுமதி இல்லாமல் போகலாம். எப்படியும் எக்செப்ஷனைப் பிடிக்கத்தான் வேண்டும் என்றால், நேரே திறந்துவிட்டு வந்ததைப் பிடிப்பது சுருக்கம். பைத்தான்காரர்கள் வழக்கமும் இதுதான்.

யார் பிடிக்க வேண்டும்?

கிளாஸ் எழுதும்போது உண்மையில் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். ட்ரை, எக்செப்ட் எப்படி எழுதுவது என்பதை ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். எந்த ஃபங்ஷனில் எழுதுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

என் கட்சி இது: பிழைக்கு ஏதாவது செய்ய முடிகிறவர் மட்டும் அதைப் பிடிக்கட்டும். கோப்பைப் படிக்கும் கிளாஸால், கோப்பு இல்லை என்றால் என்ன செய்ய முடியும்? வேறு பெயர் கேட்கலாமா, புரோகிராமை நிறுத்தலாமா என்று அதற்குத் தெரியாது. திரையில் எதையோ அச்சிட்டுவிட்டு வெற்றுப் பட்டியலைத் திருப்பித் தந்தால், கூப்பிட்டவர் 'இந்த வருடம் மழையே இல்லை போல' என்று நினைத்துக்கொள்வார். ஆகவே அந்தக் கிளாஸ் செய்ய வேண்டியது ஒன்றுதான். கணினியின் பாஷையில் வந்த பிழையைத் தன் தொழிலின் பாஷைக்கு மாற்றி மேலே அனுப்ப வேண்டும்.

அதற்கு நாமே எக்செப்ஷன் கிளாஸ்கள் எழுதலாம். நம் கோப்பில் ஒவ்வொரு வரியும் தேதி, அணை, மட்டம் என்று கமா போட்டுப் பிரித்தது.

கிளாஸ் குறிப்பேட்டுப்பிழை(எக்செப்ஷன்):
    பாஸ்

கிளாஸ் வரிப்பிழை(குறிப்பேட்டுப்பிழை):
    பாஸ்

கிளாஸ் அணைக்குறிப்பு:
    நிறைமட்டம் = {"பாபநாசம்": 143, "சேர்வலாறு": 156, "மணிமுத்தாறு": 118}

    டெஃப் __இனிட்__(செல்ஃப், பாதை):
        செல்ஃப்.பாதை = பாதை

    டெஃப் படி(செல்ஃப்):
        பதிவுகள் = []
        ட்ரை:
            வித் ஓப்பன்(செல்ஃப்.பாதை, என்கோடிங்="யூடிஎஃப்-8-சிக்") ஆஸ் கோப்பு:
                ஃபார் எண், வரி இன் எனுமரேட்(கோப்பு, 1):
                    பதிவுகள்.அப்பெண்ட்(செல்ஃப்.பிரி(எண், வரி))
        எக்செப்ட் (ஓஎஸ்எரர், யூனிகோட்டிகோட்எரர்) ஆஸ் பிழை:
            ரெய்ஸ் குறிப்பேட்டுப்பிழை("படிக்க முடியவில்லை: " + செல்ஃப்.பாதை) ஃப்ரம் பிழை
        ரிட்டர்ன் பதிவுகள்

    டெஃப் பிரி(செல்ஃப், எண், வரி):
        ட்ரை:
            தேதி, அணை, மட்டம் = வரி.ஸ்ட்ரிப்().ஸ்ப்ளிட்(",")
            மட்டம் = ஃப்ளோட்(மட்டம்)
            உச்சம் = செல்ஃப்.நிறைமட்டம்[அணை]
        எக்செப்ட் (வேல்யூஎரர், கீஎரர்) ஆஸ் பிழை:
            ரெய்ஸ் வரிப்பிழை(எண், வரி) ஃப்ரம் பிழை
        இஃப் மட்டம் > உச்சம்:
            ரெய்ஸ் வரிப்பிழை(எண், வரி)
        ரிட்டர்ன் தேதி, அணை, மட்டம்

மெதுவாகப் பார்ப்போம். பிரி என்ற மெத்தடில் மூன்று விதத் தப்பு அகப்படுகிறது. மட்டம் இருக்க வேண்டிய இடத்தில் "82 அடி" என்று அடித்திருந்தால் ஃப்ளோட் வேல்யூஎரர் தரும். கமா கூடியோ குறைந்தோ போனாலும் வேல்யூஎரர்தான். பாபநாசத்தை 'பாபனாசம்' என்று தட்டியிருந்தால், அப்படி ஒரு அணை நம் அகராதியில் இல்லை என்பதால் கீஎரர். நான்காவது தப்பு பைத்தானுக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும்: 143 அடி அணையில் 1,430 அடித் தண்ணீர் நிற்காது. 143.0 என்று அடிக்கப் போய்ப் புள்ளி விடுபட்டிருக்கும். இதற்கு நாமே ரெய்ஸ் செய்கிறோம்.

ரெய்ஸ் வரியின் முடிவில் உள்ள ஃப்ரம் பிழை என்பதை விட்டுவிடாதீர்கள். மூலப்பிழை நம் பிழையோடு ஒட்டிக்கொண்டு வருவது அதனால்தான். சித்தப்பாவுக்கு 'பன்னிரண்டாம் வரியில் தப்பு' என்று தெரிந்தால் போதும். திருத்த உட்காரும் எனக்கு உள்ளே வந்தது கீஎரரா வேல்யூஎரரா என்று தெரிய வேண்டும்.

வரிப்பிழை, படி என்ற மெத்தடின் எக்செப்டில் சிக்குமா? சிக்காது. அது ஓஎஸ்எரரும் இல்லை, யூனிகோட் பிழையும் இல்லை. நேரே மேலே போகும். அதுதான் நமக்கு வேண்டியதும்.

சரி, கடைசியில் யாராவது பிடிக்க வேண்டுமே. அது புரோகிராமின் வாசலில் நிற்கும் பகுதி, பயன்படுத்துகிறவரோடு பேசும் பகுதி. அங்கே வரிப்பிழையை முதலிலும் குறிப்பேட்டுப்பிழையை அடுத்தும் பிடியுங்கள். வரிசை முக்கியம். பைத்தான் மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். தாயை மேலே வைத்தால் பிள்ளைக்கு முறையே வராது. பிடித்த இடத்தில் பயனருக்கு ஒரு வரி நல்ல தமிழில் சொல்லுங்கள். முழு டிரேஸ்பேக்கை லாகிங் மாட்யூல் வழியாக ஒரு லாக் கோப்பில் எழுதிவையுங்கள்.

கல்லூரியில் ஜாவா படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஐஓஎக்செப்ஷனை ஒன்று பிடிக்க வேண்டும், அல்லது மேலே எறிவேன் என்று மெத்தடின் தலையிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் கம்பைலர் விடாது. நல்ல எண்ணத்தில் வைத்த விதிதான். ஆனால் கம்பைலரின் வாயை அடைக்க வெற்றுக் கேட்ச் எழுதும் பழக்கமும் அதனால்தான் வளர்ந்தது. சி++ நேர் எதிர். அதன் கோப்பு ஸ்ட்ரீம்கள் நாம் கேட்டால் ஒழிய எக்செப்ஷன் எறியாது. திறந்ததா இல்லையா என்று நாமேதான் பார்க்க வேண்டும்.

மூன்று மாதம் போன கதை

இப்போது என் தப்பு. அந்த நாளில் சேமிக்கும் மெத்தடை இப்படி எழுதியிருந்தேன்: கோப்பை டபிள்யூ முறையில் (எழுதுவதற்காக) திற, எல்லா வரிகளையும் சரிபார், பிறகு எழுது. இவை எல்லாவற்றையும் ஒரு ட்ரைக்குள் போட்டு, கீழே பிழையின் பெயரே சொல்லாத ஒரு எக்செப்ட், அதற்குள் பாஸ். அன்றைக்குச் சித்தப்பா 82.10 என்பதை 82,10 என்று தட்டியிருக்கிறார்.

டபிள்யூ முறையில் திறந்த கணமே கோப்பு காலியாகிவிடும். எழுதத் தொடங்கும்போது அல்ல, திறக்கும்போதே. அடுத்துச் சரிபார்க்கையில் கமா ஒன்று கூடுதல் என்று வேல்யூஎரர் எழுந்தது. என் ஊமை எக்செப்ட் அதைப் பிடித்து வாயைப் பொத்தியது. ஒரு வரிகூட எழுதாமல் கோப்பு மூடிக்கொண்டது. சித்தப்பா 'சேமித்தாயிற்று' என்று பார்த்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

பெயரில்லாத எக்செப்டுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. புரோகிராமை நிறுத்த நீங்கள் கண்ட்ரோல்-சி அழுத்தினால் எழும் கீபோர்ட்இன்டரப்ட்டையும் அது விழுங்கும். நிறுத்தவே முடியாத புரோகிராம் ஒன்று கையில் இருக்கும். எல்லாவற்றையும் பிடித்தே ஆக வேண்டும் என்ற இடத்தில்கூட எக்செப்ட் எக்செப்ஷன் என்று எழுதுங்கள், உள்ளே ஒரு வரியாவது லாக்கில் எழுதுங்கள்.

இப்போது சேமிக்கும் மெத்தட் இப்படி இருக்கிறது. இதற்கு நிரலின் தலையில் இம்போர்ட் ஓஎஸ் என்ற வரி வேண்டும்.

    டெஃப் சேமி(செல்ஃப், வரிகள்):
        ஃபார் எண், வரி இன் எனுமரேட்(வரிகள், 1):
            செல்ஃப்.பிரி(எண், வரி)
        புதிது = செல்ஃப்.பாதை + ".புதிது"
        ட்ரை:
            வித் ஓப்பன்(புதிது, "டபிள்யூ", என்கோடிங்="யூடிஎஃப்-8") ஆஸ் கோப்பு:
                ஃபார் வரி இன் வரிகள்:
                    கோப்பு.ரைட்(வரி.ஸ்ட்ரிப்() + "\என்")
                கோப்பு.ஃப்ளஷ்()
                ஓஎஸ்.எஃப்சிங்க்(கோப்பு.ஃபைல்நோ())
            ஓஎஸ்.ரிப்ளேஸ்(புதிது, செல்ஃப்.பாதை)
        எக்செப்ட் ஓஎஸ்எரர் ஆஸ் பிழை:
            ரெய்ஸ் குறிப்பேட்டுப்பிழை("சேமிக்க முடியவில்லை") ஃப்ரம் பிழை

சரிபார்ப்பதெல்லாம் கோப்பைத் தொடுவதற்கு முன்பே முடிகிறது. எழுதுவது பக்கத்தில் வைத்த ஒரு புதுக் கோப்பில். அது முழுதாக வட்டில் இறங்கியதும்தான் ரிப்ளேஸ் பழைய கோப்பின் இடத்தில் இதை வைக்கும். நடுவில் எது கெட்டாலும் பழைய கோப்பு பழையபடியே இருக்கும். 2023 டிசம்பர் 17, 18இல் எங்கள் ஊர்ப்பக்கம் கொட்டிய மழையை நினைத்துப் பாருங்கள். கரண்ட் எந்த நொடி போகும் என்று யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்ட ராத்திரிக்குத்தான் ஃப்ளஷும் எஃப்சிங்கும். எழுதியது பைத்தானின் கையிலும் இயங்குதளத்தின் கையிலும் தங்கிவிடாமல் வட்டுக்குத் தள்ளுவது அவற்றின் வேலை.

வித் பற்றி அதிகம் சொல்லவில்லை. சொல்லவும் ஒன்றும் இல்லை: உள்ளே எக்செப்ஷன் எழுந்தாலும் எழாவிட்டாலும் வெளியே வரும்போது கோப்பை மூடிவிடும். முன்பெல்லாம் ஃபைனலி எழுதி அதற்குள் குளோஸ் எழுதுவோம். கோப்புக்கு இனி அது வேண்டாம். வித் போட்டுத் திறக்க முடியாத ஏதாவது ஒன்றைத் திறக்கும்போது மட்டும் ஃபைனலியை நினைவில் வையுங்கள்.

படிக்கும்போது தப்பான ஒரு வரி வந்தால் மொத்தத்தையும் நிறுத்துவதா, அந்த வரியை விட்டுவிட்டுப் போவதா? வெறுமனே திரையில் காட்டத்தான் என்றால் விட்டுப் போகலாம்; எத்தனை வரி விட்டோம் என்று கீழே காட்டினால் போதும். படித்ததைத் திரும்ப அதே கோப்பில் எழுதப் போகிறீர்கள் என்றால் கூடவே கூடாது. விட்ட வரி அடுத்த முறை கோப்பிலேயே இருக்காது.

கோப்பு இல்லை என்றால் புதிதாக ஒன்று தொடங்கிவிடலாம் என்று பலர் எழுதுவார்கள். நான் அதற்கும் ஒப்பமாட்டேன். பாதையைத் தப்பாக அடித்தாலும் அதே பிழைதான் வரும். அப்போது வெற்றுக் குறிப்பேடு ஒன்று தானாக முளைத்து, பழையது எங்கே என்று தேட வைக்கும். தொடங்குவதற்குத் தனி மெத்தட் வைத்து, அதில் எக்ஸ் முறையில் திறங்கள். கோப்பு முன்பே இருந்தால் அது ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்எரர் தந்து நின்றுவிடும்.

கெடுத்துப் பாருங்கள்

எழுதி முடித்ததும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து நீங்களே கெடுத்துப் பாருங்கள். கோப்பின் பெயரை மாற்றிவிட்டு ஓட்டுங்கள். அதே பெயரில் ஒரு ஃபோல்டரை வையுங்கள். எக்செல்லில் திறந்துவைத்துக்கொண்டு சேமியுங்கள். பென்டிரைவில் வைத்து நடுவில் பிடுங்குங்கள், அதில் முக்கியமான எதுவும் இல்லாதபோது. ஒரு வரியில் கூடுதலாக ஒரு கமா போடுங்கள், இன்னொன்றில் மணிமுத்தாற்றுக்கு 181 என்று கொடுங்கள். ஓப்பனில் என்கோடிங்கை எடுத்துவிட்டுப் புள்ளி எங்கே இடறுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்வி: என்ன நடந்தது என்று திரையில் புரியும்படி வந்ததா, பழைய கோப்பு முழுதாக இருக்கிறதா?

கடைசியாகச் சித்தப்பாவிடம் கொடுத்துப் பார்த்தேன். அவர் முதல் வேலையாக மட்டத்தில் "நேத்து மாதிரிதான்" என்று தட்டினார். 'வரி 94இல் மட்டம் எண்ணாக இல்லை, எதுவும் சேமிக்கப்படவில்லை' என்று திரையில் வந்தது. "சரி, அப்ப நேத்து எவ்வளவு?" என்று கேட்டார். புரோகிராமைத்தான் கேட்டார், என்னை இல்லை.